பழைய சி10 பிக்கப்புக்கு முன் டிஸ்க் பிரேக் கிட்: எதைப் பார்த்து வாங்குவது

1970 வரை வந்த ஷெவர்லே சி10 பிக்கப்பில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். 1971 மாடலில்தான் முன்பக்கம் டிஸ்க் கம்பெனியிலிருந்தே வரத் தொடங்கியது. அதற்கு முந்தைய வண்டிகளுக்கென்று மாற்று கிட்கள் நிறைய விற்பனைக்கு இருக்கின்றன. பெட்டியைத் திறந்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்: இரண்டு ரோட்டர் (சக்கரத்தோடு சுழலும் தகடு), அதைப் பேடால் கவ்வும் இரண்டு காலிப்பர், பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் ஒரு மாஸ்டர் சிலிண்டர், ஒரு வால்வு, சில பைப். விலையில் மட்டும் நல்ல இடைவெளி இருக்கும்.

அந்த இடைவெளிக்குக் காரணம் ரோட்டரும் காலிப்பரும் இல்லை. பெரும்பாலான கிட்களில் அவை 1973 முதல் 87 வரை வந்த ஜிஎம் (ஷெவர்லேயின் தாய் நிறுவனம்) அரை டன் பிக்கப்பின் சரக்குதான்: சுமார் 11.86 அங்குல ரோட்டர், 2 15/16 அங்குல பிஸ்டன் உள்ள ஒற்றை பிஸ்டன் காலிப்பர், டி52 என்ற எண்ணில் எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும் பேட். கிட் நல்லதா கெட்டதா என்பதை மாஸ்டர் சிலிண்டரின் அளவும், வால்வின் வகையும், ஹோஸும், பிராக்கெட்டும்தான் முடிவு செய்கின்றன. விளம்பரப் படத்தில் இவை ஓரமாகத்தான் இருக்கும். பணத்துக்கு மதிப்பு இவற்றில்தான்.

முதலில் வகைகள். பழைய டிரம் ஸ்பிண்டிலை (சக்கரம் சுழலும் அச்சை) அப்படியே வைத்துக்கொண்டு, டிரம்மின் பேக்கிங் பிளேட் இருந்த துளைகளில் காலிப்பர் பிராக்கெட்டைப் பூட்டும் கிட் ஒன்று. விலை குறைவு, ஸ்பிண்டிலைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயிண்டைத் தொட வேண்டாம், அரை நாள் மிச்சம். ஆனால் பிராக்கெட்டின் வார்ப்போ துளையோ ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் ரோட்டர் காலிப்பரின் நடுவில் நிற்காது. ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிக்கட்ட வேண்டியிருக்கும். வாங்குவதற்கு முன் பிராக்கெட் எத்தனை தடிமன், ஷிம் கூட வருகிறதா என்று கேளுங்கள். விற்பவருக்கு பதில் தெரியவில்லை என்றால் அந்தக் கிட்டை விட்டுவிடலாம்.

இரண்டாவது வகை ஸ்பிண்டிலையே மாற்றுவது. டிஸ்குக்கென்றே வார்த்த புது ஸ்பிண்டில் வரும். சிலவற்றில் வண்டியின் முன்பக்கத்தை 2.5 அங்குலம் தாழ்த்தும் ஸ்பிண்டிலும் உண்டு. காலிப்பர் அமரும் இடம் ஸ்பிண்டிலோடு சேர்ந்தே வருவதால் நடு சரியாக இருக்கும். வேலை கூடுதல்தான், ஆனாலும் எங்கள் தேர்வு இதுவே. மூன்றாவது, பழைய இரும்புக் கடையில் கிடக்கும் 1973–87 பிக்கப்பின் முன்பாகத்தைக் கிராஸ்மெம்பரோடு கழற்றி மாட்டுவது. மலிவு, உறுதி, ஆனால் அது வேறு மாதிரியான வேலை, கிட் விமர்சனத்தில் அதற்கு இடமில்லை.

1960 முதல் 62 வரையிலான வண்டிக்காரர்கள் கவனிக்க: உங்கள் முன் சஸ்பென்ஷன் டார்ஷன் பார். காயில் ஸ்பிரிங் 1963இல்தான் வந்தது. '60–70' என்று மொத்தமாக எழுதியிருக்கும் கிட்டை நம்பி ஆர்டர் போடாதீர்கள். உங்கள் வருடத்தைத் தனியாகச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்து போல்ட் கணக்கு. 1970 வரை டூ வீல் டிரைவ் சி10க்கு ஆறு போல்ட், 5.5 அங்குல வட்டம், அதாவது 139.7 மி.மீ. 1971 முதல் ஐந்து போல்ட், 5 அங்குலம், 127 மி.மீ. ஐந்து போல்ட் கிட் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் முன்னால் ஐந்து, பின்னால் ஆறு என்று ஆகிவிடும். ஸ்டெப்னி ஒன்று போதாது. பின் ஆக்ஸிலையும் மாற்றும் எண்ணம் இருந்தால் மட்டும் ஐந்துக்குப் போங்கள். மற்றவர்களுக்கு ஹப்போடு சேர்த்து வார்த்த ஆறு போல்ட் ரோட்டர் உள்ள கிட்தான். வீல் ஸ்டட்டின் மரை முன்னும் பின்னும் ஒன்றா என்றும் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பஞ்சர் ஆன இரவில் இரண்டு வகை நட்டோடு தடுமாற வேண்டியிருக்கும்.

வீல் ரிம்மும் இடிக்கும். 14 அங்குல ரிம் இந்தக் காலிப்பரைத் தாண்டாது. டிரம் காலத்து 15 அங்குல ரிம்மிலும் சில காலிப்பரில் உரசும், ஏனென்றால் அதன் உள்வளைவு டிரம்முக்காக வடிவமைத்தது. பழைய ரிம்மையும் ஹப் கேப்பையும் வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்கள், காலிப்பரை மாட்டியதும் டயர் இல்லாத வெற்று ரிம்மை ஒருமுறை போட்டுக் கையால் முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு மற்ற வேலையைத் தொடரலாம். சில கிட்கள் சக்கரத்தை வெளிப்பக்கம் கொஞ்சம் தள்ளும். அகல டயர் இருந்தால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது ஃபெண்டரில் தொடும்.

இனி இந்த விமர்சனத்தின் முக்கியப் பகுதி, மாஸ்டர் சிலிண்டர்.

டிரம்மில், உள்ளிருந்து விரிந்து உரசும் ஷூ, சுழலும் டிரம்மோடு சேர்ந்து இழுபட்டுத் தன்னைத் தானே மேலும் இறுக்கிக்கொள்ளும். டிஸ்கில் அந்த உதவி கிடையாது. எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் பிடிக்கும். அதனால் பழைய மாஸ்டரிலேயே டிஸ்கைக் கோத்தால் பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். பெடலின் நெம்பு விகிதம் 6 என்று கொள்வோம். காலால் 100 பவுண்டு கொடுத்தால் மாஸ்டருக்குப் போவது 600 பவுண்டு. மாஸ்டரின் துளை 1 1/8 அங்குலம் என்றால் பரப்பு 0.994 சதுர அங்குலம், லைனில் கிடைக்கும் அழுத்தம் சுமார் 604 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அதே காலுக்கு 1 அங்குல மாஸ்டரில் பரப்பு 0.785, அழுத்தம் 764. கால் பங்குக்கும் மேல் லாபம். பதிலுக்குப் பெடல் அதே அளவு கூடுதலாக இறங்கும்.

பூஸ்டர் (எஞ்சின் வேக்குவத்தால் காலுக்கு உதவும் பாகம்) இல்லாத கிட்டில் 1 1/8 அங்குல மாஸ்டர் வந்தால் அது பூஸ்டர் கிட்டுக்கான பொருளை மாற்றி வைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பூஸ்டர் இல்லாமல் ஓட்ட 1 அங்குலம் அல்லது அதற்குக் கீழே. பூஸ்டர் உண்டென்றால் 1 1/8 சரி. இந்த ஒரு எண்ணைப் பட்டியலில் போடாமல் 'டிஸ்க் மாஸ்டர்' என்று மட்டும் எழுதும் கடைகள் இருக்கின்றன. அளவைச் சொல்லாதவரிடம் மாஸ்டர் வாங்கவே கூடாது.

டிரம் மாஸ்டரை மாற்றியே தீர வேண்டும் என்பதற்கு இன்னும் இரண்டு காரணங்கள். பழைய டிரம் மாஸ்டரின் வாயில் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் சிறு வால்வு இருக்கும். டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பருக்கு அது நல்லது. டிஸ்குக்கு அது விஷம். பேட் ரோட்டரை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். அடுத்தது ஆயில் அறை. பேட் தேயத் தேயக் காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்து, அந்த இடத்தை ஆயில் நிரப்பும். டிரம் மாஸ்டரின் சின்ன அறை அதற்குப் போதாது. இரண்டு அறையும் வேறு வேறு அளவில் இருந்தால் பெரிய அறையின் லைன் டிஸ்குக்கு. மாற்றிக் கோத்துவிட்டால் முதல் சில வாரம் எல்லாம் சரியாகவே இருக்கும், பேட் பாதி தேய்ந்த பிறகுதான் வம்பு வரும்.

1966 வரையிலான வண்டியில் ஒற்றை அறை மாஸ்டர்தான். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். இரட்டை மாஸ்டர் 1967 மாடலில் வந்தது. 63–66 வண்டிக்கு இரட்டை மாஸ்டரும், முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்த லைனும் தராத கிட் எதையும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

வால்வுக்கு வருவோம். டிரம் வண்டியின் சேஸிஸில் இருக்கும் பித்தளைக் கட்டை லைனைப் பிரித்துவிடும், ஒரு பக்கம் அழுத்தம் போனால் விளக்கு எரியவைக்கும், அவ்வளவே. டிஸ்கும் டிரம்மும் கலந்த வண்டிக்குக் காம்பினேஷன் வால்வு வேண்டும். அதற்குள் மூன்று வேலை நடக்கிறது. பின் ஷூக்களின் ஸ்பிரிங்கை விரித்து ஷூ டிரம்மைத் தொடும்வரை முன் டிஸ்கைக் கொஞ்சம் பிடித்து வைப்பது ஒன்று. பலமாக மிதிக்கும்போது பின்னுக்குப் போகும் அழுத்தத்தைக் குறைப்பது இன்னொன்று. விளக்கு மூன்றாவது. பிக்கப்பில் இரண்டாவது வேலைதான் உயிர் காப்பது. பின்னால் சரக்கு இல்லாத பிக்கப்பின் பின் சக்கரத்தில் எடையே கிடையாது. மிதித்த உடனே அது பூட்டிக்கொள்ளும், ஈரச் சாலையில் வண்டி வால் பக்கமாகச் சுற்றும்.

சில கிட்களில் காம்பினேஷன் வால்வுக்குப் பதிலாகத் திருகி அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு வரும். நல்ல பொருள், ஆனால் பின் லைனில் மட்டும் வைக்க வேண்டும். காம்பினேஷன் வால்வு ஏற்கெனவே இருக்கும்போது இதையும் சேர்த்தால் பின் பிரேக்குக்கு இரண்டு முறை அழுத்தம் குறையும். பின் சக்கரம் சும்மா உருளும், முன் பேட் சீக்கிரம் தீரும். இரண்டையும் பெட்டியில் போட்டு அனுப்பும் கிட்கள் இருக்கின்றன, ஜாக்கிரதை.

மாஸ்டர் தரைக்கு அடியில் இருக்கும் இன்னும் பழைய பிக்கப்புகளுக்கு, 1947–53 ஷெவர்லே போன்றவற்றுக்கு, டிஸ்க் லைனில் 2 பி.எஸ்.ஐ. வால்வு ஒன்று தேவை. காலிப்பர் மாஸ்டரைவிட உயரத்தில் இருப்பதால் ஆயில் திரும்ப வடிந்துவிடும், முதல் மிதி வீணாகும். சி10இல் மாஸ்டர் ஃபயர்வாலில் உயரமாக இருப்பதால் அது வேண்டாம். கூடவே வந்திருக்கிறதே என்று மாட்ட வேண்டாம்.

மாட்டும் வேலையில் ஆபத்தான இடம் ஸ்பிண்டிலைக் கழற்றுவது. கீழ் கண்ட்ரோல் ஆர்முக்கும் சேஸிஸுக்கும் நடுவில் காயில் ஸ்பிரிங் அழுந்தி நிற்கிறது. சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கியை முட்டுக் கொடுத்த பிறகுதான் பால் ஜாயிண்டில் கை வைக்க வேண்டும். நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் கடைசி மூன்று நான்கு மரையில் நிற்கட்டும். பிறகு ஸ்பிண்டிலில் பால் ஜாயிண்ட் நுழையும் காதின் பக்கவாட்டில் கனமான சுத்தியலால் இரண்டு அடி. டேப்பர் பட்டென்று விடும். கவட்டை மாதிரியான கருவியை நுழைத்து நெம்பினால் ரப்பர் பூட் கிழிந்துவிடும். புது ஸ்பிண்டிலில் பால் ஜாயிண்டின் டேப்பர் ஆடாமல் முழுதாக உட்காருகிறதா என்பதைக் கையாலேயே சோதிக்கலாம். ஆடினால் அது வேறு வருடத்து பால் ஜாயிண்டுக்கான ஸ்பிண்டில். நட்டை இறுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

ரோட்டர் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி வரும். பிரேக் கிளீனரால் இரண்டு முகத்தையும், துணியில் கறை வராத வரை துடைக்க வேண்டும். பேரிங்குக்கு அதிக வெப்பம் தாங்கும் கிரீஸ். உருளைகளுக்கு இடையில் மறுபக்கம் பிதுங்கி வரும்வரை உள்ளங்கையில் வைத்து அழுத்தி ஏற்றுங்கள். கிட்டில் ஏற்றியே வந்த பேரிங்காக இருந்தாலும் கழற்றிப் பாருங்கள், பலவற்றில் இருப்பது துருக் காப்பு எண்ணெய் மட்டுமே. நட்டை ரோட்டரைச் சுழற்றியபடியே 12 ஃபுட் பவுண்டுக்கு இறுக்கி, முழுக்கத் தளர்த்தி, விரலால் இறுகும் அளவுக்கு மட்டும் திருப்பி, காட்டர் பின் துளை நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் தளர்த்த வேண்டும், இறுக்கக் கூடாது. ஆட்டம் 0.001 முதல் 0.005 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் கையில் இருக்கும்போதே ரோட்டர் கோணலையும் பாருங்கள், 0.005 அங்குலத்தைத் தாண்டினால் பெடல் காலில் உதறும்.

காலிப்பரில் மிகச் சாதாரணமான தவறு ஒன்று உண்டு, அதில் மாட்டி ஆயில் டப்பா டப்பாவாகத் தீர்த்தவர்கள் ஏராளம். இடது காலிப்பரும் வலது காலிப்பரும் இடம் மாறினாலும் கச்சிதமாக உட்காரும். ஆனால் காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிள் அடியில் போய்விடும். காற்று எப்போதும் மேலே தங்கும். நிப்பிள் அடியில் இருந்தால் நாள் முழுக்க மிதித்தாலும் காற்று வெளியே வராது, பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும். நிப்பிள் மேலே, ஹோஸ் அதற்குக் கீழே. இவ்வளவுதான் அடையாளம்.

இந்த ஜிஎம் காலிப்பரில் வெளிப் பேட்டுக்கு இரண்டு காது இருக்கும். பேட்டை வைத்துக் காலிப்பரைப் பூட்டியபின் அந்தக் காதுகளைச் சுத்தியலாலோ பெரிய பிளையராலோ காலிப்பர் உடலோடு மடித்துவிட வேண்டும். மடிக்காவிட்டால் மேடு பள்ளத்தில் கடகடவென்று சத்தம் வரும், பேரிங்கைச் சந்தேகித்துக்கொண்டு இருப்பீர்கள். உள் பேட்டின் கிளிப் பிஸ்டனுக்குள் சொருக வேண்டும். காலிப்பர் போல்ட் இரண்டுக்கும் ரப்பர் புஷ் இருக்கும் இடத்தில் சிலிக்கான் கிரீஸ், இறுக்கம் 35 ஃபுட் பவுண்டு. ஹோஸின் தலைக்கு இரண்டு பக்கமும் புது செப்பு வாஷர். ஒன்றைத்தான் கிட்டில் போட்டிருந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள். பழைய காலிப்பருக்கு அங்குல மரை, பிந்தையவற்றுக்கு மெட்ரிக் மரை. போல்ட் இரண்டு சுற்றுக்குப் பிறகு முரண்டு பிடித்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஹோஸை மாட்டியபின் ஸ்டியரிங்கை இந்த ஒடிப்பிலிருந்து அந்த ஒடிப்புவரை, சஸ்பென்ஷன் தொங்கும்போது ஒருமுறை, எடை இறங்கியபின் ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கும் இழுக்கவும் கூடாது, உரசவும் கூடாது. மலிவு கிட்களில் ஹோஸ் நீளம்தான் முதலில் சறுக்கும் இடம்.

பைப் வேலையை வேகமாகச் சொல்லிவிடலாம். 3/16 அங்குல ஸ்டீல் அல்லது செப்பு நிக்கல் பைப், முனையை விரித்து மடித்த 45 டிகிரி இரட்டை ஃபிளேர். வெறும் செப்புப் பைப் ஆகாது, கம்பிரஷன் ஃபிட்டிங் ஆகாது, ஃபிளேரில் டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது. பின்பக்கம் ஆக்ஸிலுக்குப் போகும் பழைய ஹோஸையும் மாற்றிவிடுங்கள். உள்ளே வீங்கிப்போன ஹோஸ் ஆயிலைப் போகவிடும், திரும்ப விடாது.

மாஸ்டரை வண்டியில் மாட்டும் முன் வைஸில் பிடித்து, வாயிலிருந்து டியூபை அறைக்கே திருப்பி, குமிழி நிற்கும்வரை மெதுவாகத் தள்ளி ஏர் எடுக்க வேண்டும். பிறகு சக்கரங்களில் வலது பின், இடது பின், வலது முன், இடது முன் என்ற வரிசை. காம்பினேஷன் வால்வின் விளக்கு ஸ்விட்சைக் கழற்றி, அந்த இடத்தில் உள்ளிருக்கும் பிஸ்டனை நடுவில் பிடிக்கும் சின்னத் திருகைப் போட்டுக்கொண்டால் வேலை முடிந்தபின் விளக்கு எரிந்துகொண்டே இருக்காது. நல்ல கிட்டில் அந்தத் திருகு கூடவே வரும். ஆயில் டாட் 3 போதும், டாட் 4 என்றால் புதிதாக இருக்கும்போது கொதிநிலை 205க்குப் பதில் 230 டிகிரி செல்சியஸ். சிலிக்கானான டாட் 5ஐ இவற்றோடு கலக்கக் கூடாது.

ஏர் எல்லாம் எடுத்தபின்னும் பெடல் பாதிவரை இறங்குகிறதா? மாஸ்டரைத் திட்டுவதற்கு முன் பின் டிரம்மின் ஷூவை அட்ஜஸ்ட் செய்யுங்கள். முன்னால் புதுசு மாட்டிய மகிழ்ச்சியில் பின்னால் தளர்ந்து கிடக்கும் ஷூவை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஷூ லேசாக உரசும்வரை அட்ஜஸ்டரின் ஸ்டார் சக்கரத்தைத் திருப்பி, உரசல் விடும்வரை பின்வாங்கினால் பெடல் இரண்டு விரல் உயர்ந்து நிற்கும். மாஸ்டர் பழுது என்று திருப்பி அனுப்பப்படுபவற்றில் பல இந்த ஷூவால்தான்.

பூஸ்டர் கிட்டில் இன்னொரு கண்ணி: பூஸ்டரின் கம்பிக்கும் மாஸ்டர் பிஸ்டனுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி, சுமார் 0.020 அங்குலம் வேண்டும். கம்பி நீண்டுவிட்டால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, ஆயில் அறைக்கு வழி திறக்காது. புறப்படும்போது எல்லாம் சரியாக இருக்கும். சில கிலோமீட்டரில் சூட்டில் ஆயில் விரிந்து, திரும்ப இடமில்லாமல், பிரேக் தானே பிடிக்கும். அப்போது ஓரங்கட்டி, மாஸ்டரின் இரண்டு நட்டையும் தளர்த்தி மாஸ்டரை இரண்டு மில்லிமீட்டர் முன்னால் நகர்த்துங்கள். சக்கரம் விட்டால் கோளாறு கம்பியில். விடாவிட்டால் நட்டை இறுக்கிவிட்டு மாஸ்டரிலிருந்து போகும் பைப்பை லேசாகத் தளர்த்துங்கள்; இப்போது விட்டால் மாஸ்டருக்குள் அழுத்தம் பிடிக்கும் வால்வு இன்னும் இருக்கிறது. அதற்கும் விடாமல் காலிப்பர் நிப்பிளைத் திறந்தபின் மட்டும் விட்டால் நடுவில் ஏதோ ஒன்று, பெரும்பாலும் ஹோஸ். அங்கும் விடவில்லை என்றால் காலிப்பரே சிக்கியிருக்கிறது.

பூஸ்டருக்கு ஐடிலில் 18 அங்குலம் பாதரச வேக்குவம் இருந்தால் நிம்மதி. கேம்ஷாஃப்டை மாற்றி ஐடிலில் உதறும் எஞ்சினில் அது கிடைக்காது. அப்படிப்பட்ட வண்டிக்குப் பூஸ்டர் கிட் வாங்கிப் பணத்தை வீணாக்காமல், 1 அங்குல மாஸ்டரோடு பூஸ்டர் இல்லாத கிட்டை எடுங்கள். பெடலில் கம்பி கோக்க இரண்டு துளை இருந்தால் மேல் துளை பூஸ்டர் இல்லாததற்கு, கீழ் துளை பூஸ்டருக்கு.

ஸ்பிண்டில் மாற்றினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம். புது பேட் பழக, மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 10க்கு, முழுக்க நிறுத்தாமல், அரை நிமிட இடைவெளியில் எட்டுப் பத்து முறை பிரேக் பிடித்து, பிறகு மிதிக்காமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு பெடலை அழுத்தி நின்றால் பேட்டின் அச்சு ரோட்டரில் ஒட்டிக்கொள்ளும்.

சுருக்கமான கேள்விக்கு நேரான பதில் வேண்டுபவர்களுக்கு: 1967–70 வண்டிக்கு ஆறு போல்ட் ஸ்பிண்டில் கிட், காம்பினேஷன் வால்வு, அளவு எழுதிய மாஸ்டர், மூன்று ஹோஸும் உள்ளது. தூசி மறைப்புத் தகடு கூட வந்தால் இன்னும் நல்லது. மண் சாலையில் ஓடும் வண்டிக்கு அது இல்லாமல் ரோட்டரின் உள்முகம் சீக்கிரம் கோடு விழும். பிராக்கெட் கிட், ஷிம் அளந்து வைக்கும் பொறுமையும் டயல் கேஜும் உள்ளவர்களுக்கு மட்டும். பின்பக்கத்துக்கும் டிஸ்க் சேர்த்து விற்கும் நான்கு சக்கரக் கிட்டை, ஹேண்ட் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று காட்டச் சொல்லாமல் வாங்க வேண்டாம். காலி பிக்கப்பின் பின் சக்கரத்துக்கு நன்றாக அட்ஜஸ்ட் செய்த டிரம்மே தாராளம். 800 கிலோமீட்டர் ஓடியதும் சக்கரங்களைக் கழற்றி, பேரிங் ஆட்டத்தையும் காலிப்பர் போல்டையும் மறுபடி சோதித்து, ஒவ்வொரு ஃபிளேரிலும் வெள்ளைத் துணியைச் சுற்றிப் பிடித்து ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள்.